தமிழ் வழியே பிரெஞ்சு

அயல்மொழி கற்க ஆங்கிலம் என்ற ஒரே வாசல்தான் உண்டு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் தமிழ்வழியில் படித்துவிட்டு இக்கல்லூரிக்கு வந்த என் போன்றோர்க்கு அவ்வாசல் பாதி சாத்தியே கிடக்கிறது. பிரெஞ்சு என்றாலோ, அது கான்வென்ட் பிள்ளைகளின் சொத்து என்று ஒதுங்கிவிடுகிறோம். இது தவறு என்பதை என் பிழையாலேயே நான் அறிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் புதுச்சேரியில் சித்தப்பா வீட்டில் தங்கி, மாலை வகுப்பொன்றில் பிரெஞ்சு பயின்றேன். 'நான் புறப்பட விரும்புகிறேன்' என்று எழுதச் சொன்னார் முதிய ஆசிரியர். ஆங்கிலத்தில் இரு வினைகளுக்கும் நடுவே 'டு' வருகிறதே என்று நினைத்து, நானும் 'அ' என்றொரு சிறு சொல்லைச் செருகினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, தமிழில் 'புறப்பட' என்பதற்கும் 'விரும்புகிறேன்' என்பதற்கும் நடுவே ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை, ஐயா."

"பிறகு இங்கே மட்டும் எதற்கு?"

'ஜ வெ பர்த்தீர்' - அவ்வளவுதான். 'வெ' விரும்புகிறேன், 'பர்த்தீர்' புறப்பட. பள்ளியில் நாம் படித்த 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சமே அது!

அன்றிரவு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். வியப்பு வளர்ந்தது. நீந்தும் வித்தை அறிந்தவன் 'நீந்தத் தெரியும்' என்கிறான். உடம்பில் வலு உள்ளவன் 'நீந்த முடியும்' என்கிறான். ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டையும் 'கேன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும். பிரெஞ்சோ நம்மைப் போலவே முன்னதற்குச் 'சவ்வார்', பின்னதற்குப் 'பூவ்வார்' என இரு வினைகளை வைத்திருக்கிறது. 'படிக்கப் போகிறேன்' என்று நாம் எதிர்காலத்தைச் சொல்வது போல அவர்களும் 'போ' என்னும் வினையைக் கொண்டே சொல்கிறார்கள். 'போக விடு', 'கட்டச் செய்', 'வரக் கண்டேன்' - இவற்றிலும் வினையோடு வினை நேரே சேர்கிறது. ஒன்றே வேறுபாடு: நமக்கு முன்னால் வரும் எச்சம் அவர்களுக்குப் பின்னால் வரும்.

எல்லா வினைகளும் இப்படி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 'தொடங்கு' என்பதற்குப் பின் 'அ' வரும். 'முயல்' என்பதற்குப் பின் 'த' வரும். அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அன்றாடம் புழங்கும் முக்கிய வினைகள் பல தமிழனுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தவை.

மேல்நிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுப்போர் உண்டு. பூட்டை வாங்கிக்கொண்டு சாவியை எறிவது போன்றது அது. தமிழைக் கற்றவர்களாகிய நாமோ, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கதவருகில் போகாமல் நிற்கிறோம். நம் பேராசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறேன்: தமிழிலக்கணத்தை அடிப்படையாக்கி, பிரெஞ்சு கற்பிக்கும் சிறு கையேடு ஒன்றை உருவாக்கித் தாருங்கள். படியெடுத்துப் பரப்ப மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

"கம்பத்தில் பிரெஞ்சு எதற்கு?" என்று கேட்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சையை 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பர். எங்கிருந்தோ வந்த அந்தக் கொடி நம் மண்ணில் வேரூன்றி, நம் தண்ணீர் குடித்துத்தான் காய்த்தது. அயல்மொழியும் அப்படியே; தாய்மொழியில் ஊன்றினால்தான் நம்மிடம் காய்க்கும்.