புள்ளி போச்சு!

குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா நான். போன மாசம் ஊட்டிக்குப் போய், முன்னங்கையில் 'அம்மா' என்று பச்சை குத்திக்கொண்டு வந்தேன். குத்தியவர் படித்துப் படித்துச் சொன்னார்: "காரமில்லாத சோப்பு போட்டுக் கழுவுங்க. தேய்க்காம ஒத்தி எடுங்க. களிம்பு மெலிசாத் தடவுங்க. ரெண்டு மூணு வாரம் வெயிலும் நீச்சலும் கூடாது. பொருக்குத் தட்டும், அரிக்கும். பிய்ச்சா மையும் சேர்ந்து வந்துடும் சார்!"

குன்னூர்க் குளிரில் வெயிலாவது, நீச்சலாவது! சிரித்தேன். ஸ்வெட்டரை மறந்துவிட்டேன். கம்பளி உரச உரச, அப்படி ஓர் அரிப்பு! எட்டாம் நாள், பச்சை இலைக் கணக்கு எழுதும்போது கை தன்னால் போய்விட்டது. பொருக்கோடு 'ம்' தலையிலிருந்த புள்ளியும் காலி. இப்போது என் கையில் இருப்பது 'அமமா'!

இதே நீலகிரியில் தோடர் பெண்கள் உடம்பில் புள்ளி புள்ளியாகப் பச்சை குத்திக்கொள்வதை எட்கர் தர்ஸ்டன் 1909-லேயே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அத்தனை புள்ளிகளையும் ஆற விட்டவர்கள் அவர்கள். எனக்கு இருந்தது ஒரே புள்ளி!

தயங்கித் தயங்கி அம்மாவிடம் காட்டினேன். திட்டவில்லை. தன் கையில் ஐம்பது வருஷமாக அழியாமல் இருக்கும் பச்சைக் கோலத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும்தாண்டா அரிச்சுது."