பேச்சு குழறினால் புத்தி மந்தமா? மூளை முடக்குவாதம் பற்றி ஊர் நம்புவதும் உண்மையும்!

2012, பிப்ரவரி 19. கொல்கத்தாவிலிருந்து கோவா கிளம்பவிருந்த ஒரு தனியார் விமானத்தில் ஏறி, தன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார் ஜீஜா கோஷ். கோவாவில் ஒரு மாநாட்டுக்கு அவரை அழைத்திருந்தார்கள். மூளை முடக்குவாதத்தோடு வாழும் அவர், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பணியாற்றுபவர். ஊழியர்கள் வந்து போர்டிங் பாஸைக் கேட்டார்கள். அடுத்து, இறங்கச் சொன்னார்கள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பலனில்லை. அவரின் உடல்நிலையைக் காரணம் காட்டி விமானி மறுத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

ஜீஜா உச்ச நீதிமன்றம் போனார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 மே 12-ம் தேதி தீர்ப்பு வந்தது. மருத்துவ ஆலோசனைகூட கேட்காமல் அவரை இறக்கிவிட்டது தவறு என்று கண்டித்த நீதிமன்றம், 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

விமானத்தில் நடந்ததால் இது வழக்காகி, செய்தியானது. டவுன் பஸ்ஸிலும் ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இதே சங்கதி தினமும் நடக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் 25 வயதுப் பெண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் "பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்பார் கடைக்காரர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாய் கோணுகிறது, எச்சில் வடிகிறது, பேச்சு குழறுகிறது... அப்படியென்றால் புத்தியும் சரியில்லை என்று அவராகவே கணக்குப் போட்டுவிடுகிறார்.

அந்தக் கணக்குதான் தப்பு. செரிபிரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம், தசைகளை இயக்கும் மூளைப் பகுதி குழந்தை வளரும் பருவத்தில் பாதிக்கப்படுவதால் வருவது. கருவிலிருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, பிறந்த முதல் சில ஆண்டுகளிலோ அது நேரலாம். பேசுவதும் தசைகளின் வேலைதான். நாக்கு, உதடு, தொண்டை மூன்றும் சொன்னபடி கேட்காவிட்டால், மனதில் தெளிவாக இருக்கும் வாக்கியம் வெளியே வரும்போது குழறும். இவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது என்பது உண்மை. மீதிப் பாதிப்பேருக்கு இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. யார் எந்தப் பக்கம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப், ஒற்றை விரலால் தட்டச்சு செய்தே லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் வாங்கியவர். சுயசரிதையும் எழுதியிருக்கிறார்.

'முன்ஜென்மப் பாவம்', 'கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது' என்று தாயின் தலையில் பழிபோடுவது இன்னும் ஓயவில்லை. குறைப்பிரசவம், மிகக் குறைந்த எடை, கர்ப்பகாலத் தொற்று, பிரசவத்தில் மூச்சுத்திணறல் என்று காரணங்கள் பல. நம் வீடுகளில் அலட்சியமாக விடப்படும் ஒன்றும் அதில் உண்டு: பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால், எல்லை மீறினால் மூளையைத் தாக்கும். "காலை வெயிலில் காட்டினால் போதும்" என்று பாட்டி சொல்வதை மட்டும் நம்பாமல், மஞ்சள் நிறம் கூடுவதாகத் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேரத்தோடு கொடுக்கப்படும் ஒளி சிகிச்சையால் தடுக்கக்கூடிய பாதிப்பு இது.

எட்டு மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால், 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்' என்று ஆறுதல் தேடிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்டால் யோசியுங்கள். மூளை முடக்குவாதத்துக்கு அதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் அங்கீகரிக்கவில்லை.

பேச முடியாதவர்களுக்கும் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்டு, சென்னையில் இயங்கிவரும் வித்யாசாகர் அமைப்பு, படங்களையும் எழுத்துகளையும் காட்டிப் பேசும் பலகைகளைக் குழந்தைகளுக்குப் பழக்குகிறது. படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' செயலியும் சென்னையில் உருவானதுதான். ஆனால், பலகையில் ஒரு வாக்கியத்தைக் காட்டி முடிக்கச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். கேட்பவருக்கு அந்தப் பொறுமை இருக்க வேண்டுமே! புரியவில்லை என்றால் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கலாம். புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் அவர்களை அதிகம் நோகடிக்கும்.

சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது உரிமை.

'எங்களுக்குப் பிறகு யார் பார்த்துப்பாங்க?' என்பதுதான் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி. 18 வயதானபின், தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டபூர்வ பாதுகாவலரை நியமிக்கலாம். இதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். தன் விஷயங்களைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு இது தேவையே இல்லை. அதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். பிசியோதெரபிக்கும் அதில் இடமுண்டு. வயது வரம்பு இல்லை, சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.