கோளாறுக்கும் பொதுமொழி வேண்டும்

காணியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு, கடன்பட்டு வாங்கிய சிறிய லொறிதான் இன்று காணி. கெப்பெட்டிப்பொல சந்தைக்கு மரக்கறி மூட்டை ஏற்றுவதும் அதுவே. நள்ளிரவில் நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுவே. அது மூன்று நாள் கராஜில் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

முன்பு மெக்கானிக் காதால் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தார். இன்றைய எஞ்சினில் கணினி இருக்கிறது. கோளாறு வந்தால் மஞ்சள் விளக்கு எரியும். காரணத்தை ஒரு குறியீட்டு எண் சொல்லும். அமெரிக்கா 1996 முதல் இதற்கு ஒரே வகைப் பதினாறு முனைச் செருகியையும் பொதுக் குறியீடுகளையும் கட்டாயமாக்கியது. ஐரோப்பா பெற்றோல் கார்களுக்கு 2001இல் பின்தொடர்ந்தது. பீ0301 என்றால், எந்தக் கம்பனி வாகனமானாலும் முதலாம் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதே பொருள்.

ஆனால் பீ1 என்று தொடங்கும் எண்களுக்குக் கம்பனிகள் தத்தம் பொருளை வைத்துள்ளன. ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென அமைந்து எம்மிடம் வரும் பழைய வாகனங்கள் எல்லாம் பொதுமுறைக்கு முழுமையாக இணங்குவதில்லை. உதிரிப்பாகமும் அப்படியே: ஒரே மொடலில் ஆண்டு மாறினால் பாகமும் மாறலாம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, பழையவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். சரியான கருவி இல்லாத இடத்தில் ஊகத்தால் பாகங்கள் மாற்றப்படுகின்றன. ஊகத்தின் விலையைக் கொடுப்பவர் ஏழை உரிமையாளர்.

வாகனத்தின் வடிவமைப்பு கம்பனியின் இரகசியமாக இருக்கட்டும். கோளாறின் பெயர் இரகசியமல்ல. அது உரிமையாளருக்குச் சேர வேண்டியது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலம் 2012இல் இதனைச் சட்டமாக்கியது: கம்பனி முகவருக்குக் கிடைக்கும் திருத்தத் தகவல் வெளிக் கராஜுக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். எமது அரசும் இறக்குமதி அனுமதியுடன் இந்த நிபந்தனையை விதிக்க வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. பழைய வாகனம் வாங்குமுன் குறியீடு வாசிக்கும் கருவியை இணைத்துப் பார்ப்போம். பாகம் மாற்றுமுன் குறியீட்டை எழுதித் தரும்படி கேட்போம். கழற்றிய பாகத்தையும் அதன் இலக்கத்தையும் வாங்கி வைப்போம். ஊர்ச் சங்கம் ஒரு கருவியைப் பொதுவில் வாங்கி, எம் இளைஞர் இருவரைப் பழக்கினால் பல குடும்பங்களின் கடன் குறையும்.