அந்தப்புரமும் மூன்றாம் ஷரத்தும்

கண்டியரசைப் பற்றிச் சரித்திரக் கதை எழுதப் புகும் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் நாடுவது அந்தப்புரத்தையே. ஏரியின் நடுவே ஒரு தீவு, கரையோரத்தில் அரசியர் நீராடிய மண்டபம், அரியணையில் ஓர் இளம் மன்னன்: இத்தனையும் ஆயத்தமாக இருக்கையில், விலக்கப்பட்ட காதலொன்றைப் புனைவது அரிதன்று. மன்னனின் மோகத்தால் இராச்சியம் அழிந்தது என்று கதை முடியும், வாசகரும் பெருமூச்செறிவார். சுவையான கதைதான். ஆயினும் அது யாருக்குச் சாதகமான கதை என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

1814இல் எஹெலபொல அதிகாரம் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்ததும், அவர் மனைவி குமாரிஹாமியும் பிள்ளைகளும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆணையால் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எவரும் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் தேசாதிபதி பிரௌன்றிக் கண்டியைக் கைப்பற்றியபோது, மன்னனின் கொடுங்கோன்மையையே காரணமாக உலகுக்குக் காட்டினார். அவ்வெஹெலபொலவையே பின்னர் அதே ஆங்கில அரசு சிறைப்படுத்தி மொரீசியசுக்கு நாடுகடத்தியது. 1829இல் அவர் அங்கேயே மாண்டார். குமாரிஹாமியின் கண்ணீருக்காக ஆங்கிலேயர் மலையேறி வரவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? மன்னனின் காமத்தையும் குரூரத்தையும் மட்டுமே எழுதும் ஆசிரியர், தாமறியாமலே வென்றவரின் வழக்குரையைப் படியெடுக்கிறார்.

விலக்கப்பட்ட காதல் கண்டியில் இல்லாமற் போகவில்லை. 1739இல் இறந்த நரேந்திரசிங்க மன்னனுக்குக் கண்டிப் பிரபு குலப் பெண்ணிடம் பிறந்த மகன் ஒருவன் இருந்தான். உனம்புவே பண்டார என்பது அவன் பெயர். தாய் சூரிய குலத்தவள் அல்லள் என்பதால் முடி அவனுக்குக் கிட்டவில்லை. மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினார். இவ்வாறு தொடங்கிய நாயக்கர் ஆட்சி 76 ஆண்டுகள் நீடித்தது. கடல் கடந்து வந்த மணப்பெண் முறையான அரசி. உள்ளூர்ப் பெண்ணின் காதலுக்கோ உரிமையில்லை! இதைவிடக் கூர்மையான கதைப்பொருள் கற்பனையில் கிடைக்குமா?

1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கை இம்முறையைத் தலைகீழாக்கிற்று. அதன் மூன்றாம் ஷரத்து, இரத்த உறவாலோ மண உறவாலோ மன்னனைச் சேர்ந்த ஆண்கள் அனைவரையும் பகைவர் என்றது. அனுமதியின்றி அவர்கள் கண்டி நாட்டில் கால்வைக்கலாகாது என்று தடைவிதித்தது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் திரும்பி வருவதையும் அது தடுத்தது. அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரைக் குறித்த சொல் அது. அவ்வுடன்படிக்கையின் கீழே கண்டிப் பிரதானிகள் சிலரின் கையொப்பங்களில் தமிழெழுத்துகள் காணப்படுகின்றன என்பதையும் நினைவிற் கொள்க. தலைமுறைகளாகப் பெண் கொண்டு வந்த உறவு, ஒரே காகிதத்தில் குற்றமாகிவிட்டது.

1816இல் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்ட மன்னர், 1832இல் வேலூரில் இறந்தார். அப்பயணத்தில் உடன்சென்ற கிரான்வில் என்ற அதிகாரி எழுதிய நாட்குறிப்பு உண்டு. வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபமும் உண்டு. மன்னனுடன் நாடிழந்து சென்ற அரசியர் பதினாறாண்டுச் சிறைவாழ்வை எவ்வாறு கழித்தனர் என்பதை எழுதும் பேனாவுக்கு, இல்லாத காதலியொருத்தியைப் படைக்கும் அவசியம் நேராது.

கற்பனை வேண்டாம் என்பதன்று நமது கருத்து. ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் பேசுவதே கதாசிரியரின் தொழில். ஆவணம் உரக்கப் பேசும் இடத்தில் காதை மூடிக்கொண்டு அந்தப்புரத்தின் சாளரத்தை எட்டிப் பார்ப்பது அத்தொழிலுக்கு அழகன்று. சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வாசிக்க வேண்டிய கதை இது. எழுதுவோர் மூன்றாம் ஷரத்தை ஒருமுறை படித்துவிட்டு ஏட்டைத் திறப்பார்களாக.