வாரம் ஒரு ஷிப்ட்: பிள்ளை தாங்குமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ராத்திரி பகலாக தொழிற்சாலைகள் ஓடுகின்றன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், செல்போன் என்று கப்பல் ஏறிப் போகிறது. தொழிலாளிக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் காலை. அடுத்த வாரம் நைட். பெரியவர்கள் எப்படியோ பழகிக்கொள்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை?

அப்படிப்பட்ட பல பிள்ளைகளுக்கு தினமும் ஒரே மாதிரி ஓட வேண்டும். பல் தேய்த்ததும் இட்லி. இட்லி தின்றதும் அப்பாவோடு கடை. ஒன்று தப்பினால் அலறல்தான். சுவரில் தலையை மோதும். கையைக் கடித்துக்கொள்ளும். லாரி ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும்.

"கண்டிச்சு வளர்க்கலை" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். இது கண்டிப்பு சமாசாரமே இல்லை. பதறும் உடம்பையும் மனசையும் தானே அமைதிப்படுத்த அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கற்றுத்தர வேண்டும்.

மாத்திரை இல்லாத பயிற்சி

அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற அம்மையார் இதுபற்றி 1972லேயே புத்தகம் எழுதினார். ஊஞ்சல் ஆட்டுவது, சுவரைத் தள்ள வைப்பது, தண்ணீர்க் குடம் தூக்கவிடுவது, சப்பாத்தி மாவு பிசைய வைப்பது எல்லாம் பயிற்சிதான். அடுத்து என்ன நடக்கும் என்று காட்ட படம் போட்ட அட்டைகள். சத்தம் இல்லாத ஒரு மூலை.

எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல பலன் கிடைக்காது. "குணப்படுத்துகிறேன், பணம் கட்டு" என்பவனை நம்பக் கூடாது. டாக்டர் கொடுத்த வலிப்பு மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

செலவு கம்மிதான். ஆனால் தினமும், குறித்த நேரத்தில் செய்ய வேண்டும். அங்கேதான் உதைக்கிறது! நைட் ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குகிறார். ஒற்றை அறை வாடகை வீடு. பிள்ளை எங்கே ஊஞ்சல் ஆடும்? அம்மாவும் கம்பெனி வேலை என்றால் கேட்கவே வேண்டாம்.

வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் உண்டு, போய்க் கேட்கலாம். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. ஒரகடத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் என்று பஸ் மாறிப் போக வேண்டும். நெரிசலில் பாதி வழியிலேயே பிள்ளை கத்தத் தொடங்கிவிடும்.

கம்பெனிகள் மனசு வைத்தால்...

மாற்றுத்திறன் பிள்ளையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியர்கள், வழக்கமான இடமாற்றத்தில் இருந்து விலக்கு கேட்க 2014லேயே உத்தரவு வந்தாயிற்று. கம்பெனிகளும் இப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒரே ஷிப்ட் கொடுக்கட்டுமே! லைன் நின்றுவிடாது. ஆள் மாற்றிப் போடுவது சூப்பர்வைசருக்கு தினசரி வேலை. வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ம் ஆண்டு கம்பெனி சட்டம். அதில் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஆளுக்கொரு பயிற்சிக்கூடம் திறக்கலாம். ஆனால் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடினால் ஷிப்ட் முடிந்து பிள்ளையோடு ஓடி வருகிறவர் பூட்டைத்தான் பார்ப்பார்.