வதந்தியை விற்க வேண்டாம்



வல்லரசுகளின் போரில் குண்டு எங்கோ விழுகிறது. வதந்தியோ குத்தாலம் கடைத்தெருவரை வந்துவிடுகிறது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுக எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. திரும்பி வரவேயில்லை, நவம்பர் 9-ல் கோக்கோஸ் தீவருகே அழிந்தது. ஆனால் மீண்டும் வரும் என்ற பயத்திலேயே ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தனர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவதாகச் செய்தி பரவி, சென்னை மறுபடியும் காலியானது. படை வந்திறங்கவில்லை.

2022-ல் உக்ரைன் போர் மூண்டது. நாம் இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்த இரு நாடுகளிலிருந்தே வந்ததால் தட்டுப்பாடு மெய்தான். ஆனால் பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் பதுக்கி, புது விலைக்கு விற்றவர் நம்மில் எவரும் இல்லையா?

போரிடும் இரு தரப்பும் தமக்குச் சாதகமாகவே பிரசாரம் செய்யும். அதை நாம் தடுக்க முடியாது. ஆனால், "அண்ணே, இனி எண்ணெயே வராதாமே?" என்று கேட்பவரிடம் உள்ள இருப்பைச் சொல்லலாம். ஒருவருக்கே டின் டின்னாகக் கொடுக்காமல் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். வணிகர் சொல்லை ஊர் நம்புகிறது. தராசில் காட்டும் நேர்மையை நாவிலும் காட்டுவோம்.