பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலுக்குச் சிலரே போகிறார்கள். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டின் நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றிச் சொல்வதால் அது பேர்பெற்றது. அதே கல்வெட்டு ஒரு கல்லூரியையும் விடுதியையும் பற்றிப் பேசுகிறது. ரிக் வேதத்துக்கு 10 மாணவர், யஜுர் வேதத்துக்கு 10, இலக்கணத்துக்கு 20. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். பிள்ளைகளின் சோற்றுக்கு நெல், சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு.

இந்த மண்ணிலிருந்து அமெரிக்கா போகும் பிள்ளை அங்கே காண்பது வேறு உலகம். ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நீதி பற்றி நடத்திய பாடத்துக்குச் சாண்டர்ஸ் அரங்கில் சில ஆண்டுகள் ஆயிரம் பேர்வரை உட்கார்ந்தார்கள். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல், உளவியல், பொருளாதாரம் என்றாலே நூற்றுக்கணக்கானோர்தான். பேராசிரியர் மேடையில், மைக்கில். கடைசி வரிசைக்கு முகம் தெரியாது, திரைதான் தெரியும்.

இவ்வளவு பேரை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அரங்கு பாதி வகுப்புத்தான். வாரத்தில் ஒருநாள் அதே மாணவர்கள் இருபது, முப்பது பேராகப் பிரிந்து சின்ன அறைகளில் கூடுகிறார்கள். அங்கே சந்தேகம் தீர்ப்பவர் டி.ஏ. எனப்படும் ஆராய்ச்சி மாணவர். மேற்படிப்புக்குப் போன நம் பிள்ளைகள் பலர் அந்த வேலையைச் செய்துதான் கட்டணச் சுமையைக் குறைத்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாள் திருத்துவதும் பெரும்பாலும் அவர்களே.

மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் பாடம் ஏறுவதில்லை என்பது அங்குள்ளவர்களுக்கும் தெரியும். ஹார்வர்ட் இயற்பியலாளர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே விரிவுரையை நடுவில் நிறுத்தி, ஒரு கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொன்னார். 2014இல் ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழு கற்பித்தல் முறை பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வெறும் விரிவுரை கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு, வகுப்பில் பங்கெடுத்துப் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று தெரிந்தது.

அதற்காகத் திருமுக்கூடலை ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வேதம் படித்த அந்தப் பத்துப் பேர் வரிசையில் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இடமிருந்திருக்காது, பெண்ணுக்கும் இல்லை. ஆயிரம் பேர் அரங்கில் அவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் குற்றமில்லை, அதற்குள் வாயடைத்து உட்கார்ந்திருப்பதுதான் நட்டம். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த மௌனம் பழகிப்போனது. அதை வளர்த்தவை நம் பள்ளிகள்.

அந்த மௌனத்தைக் கலைக்க அமெரிக்காவில் ஒரு வழி உண்டு. பாடம் நடத்தும் பேராசிரியர் பொதுவாக வாரத்தில் சில மணி நேரம் தம் அறையில் மாணவருக்காகக் காத்திருக்கிறார். ஆபீஸ் ஹவர்ஸ் என்பார்கள். முன்அனுமதி பெரும்பாலும் வேண்டாம், ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. பல நாள் அந்த அறையில் யாருமே இருப்பதில்லை. ஆகஸ்டில் விமானம் ஏறப்போகும் தம்பி, தங்கைகளே, முதல் வாரத்திலேயே போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.